மதுரையை ஆண்ட மாதரசி ராணி மங்கம்மாள்



நம் வீட்டுப் பெண் குழந்தைகளைக் கூப்பிட்டு, வீரப் பெண்மணி ஒருத்தியின் பெயரைச் சொல் என்று கேட்டுப் பாருங்கள். கண்ணகி என்பாள் ஒருத்தி. ஜான்ஸி ராணி என்பாள் இன்னொருத்தி. ஞானோபதேச வகுப்புக்குத் தவறாமல் போகிற பிள்ளையானால் பிரான்சு தேசத்து அர்ச். ஜோன் ஆர்க் என்றும் சேர்த்துச் சொல்லும். மூவரும் பெரியவர்களே, சந்தேகமில்லை. ஆனால் கண்ணகி காப்பியத்தில் நம் மதுரையை எரித்தவள். மற்ற இருவரும் வாளெடுத்துக் குதிரையேறி, இளம் வயதிலேயே உயிர் நீத்தவர்கள். வாளும் நெருப்பும் இருந்தால்தான் ஒரு பெண் கதைக்கு உகந்தவள் என்று நம் பிள்ளைகள் எண்ணிவிடுவார்களோ என்ற கவலை இதை எழுதுகிறவனுக்கு உண்டு. ஆகையால் இந்த வாரம், வாளெடுக்காத ஒரு ராணியின் சரித்திரத்தை உங்கள் முன் வைக்கிறோம். அவள் பெயரை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். மதுரை ஜங்ஷனில் இறங்கி வெளியே வந்தால் எதிரே இருப்பது அவளுடைய சத்திரம். தமுக்கத்தில் காந்தி மியூஸியம் இருக்கும் மாளிகை அவளுடைய கோடைக்கால அரண்மனை என்று பெயர் பெற்றது. பெயர் நம் வாயில் தினமும் புழங்குகிறது. அவள் எப்படி வாழ்ந்தாள் என்பதைத்தான் நம்மில் அநேகர் கேட்டதில்லை.

மங்கம்மாள் துப்பாகுல லிங்கம நாயக்கர் என்ற தளபதியின் மகள். மதுரை நாயக்க அரசர் சொக்கநாதரின் மனைவியாக அரண்மனைக்கு வந்தாள். சொக்கநாதர் காலத்திலேயே தலைநகர் மதுரையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குப் போய்விட்டது. அவர் கெட்டவரல்லர், ஆனால் அரசாட்சிக்கு வேண்டிய நிதானம் அவரிடம் இல்லை. தஞ்சாவூர் நாயக்கர் மகளைப் பெண் கேட்டு, அவர் மறுத்ததனால் மூண்ட யுத்தத்தில் 1673-ல் தஞ்சையைப் பிடித்தார். பிடித்ததை இரண்டு மூன்று வருஷம்கூட வைத்திருக்க முடியவில்லை. மராட்டிய வேங்கோஜி தஞ்சைக்கு ராஜாவாகிவிட்டார். பிறகு மைசூர்ப் படை வந்தது, மறவர் படை வந்தது, தன் கோட்டைக்குள்ளேயே ருஸ்தம் கான் என்ற குதிரைப்படைத் தலைவன் அதிகாரத்தைப் பறித்துக்கொண்டான். ராஜ்யம் நாலா பக்கமும் கிழிந்து போன நிலையில், மனமுடைந்து 1682-ல் சொக்கநாதர் இறந்தார்.

அக்காலத்து வழக்கத்தை நீங்கள் அறிவீர்கள். அரசன் இறந்தால் அவன் மனைவியர் சிதையேறுவது நாயக்கர் வம்சத்தில் சாதாரணமாக நடந்து வந்தது. ஊர் அதைப் பார்த்துக் கைகூப்பும். அப்படிச் செய்யாதவளைப் புறம் பேசும். மங்கம்மாளோ சிதையேறவில்லை. மகன் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பன் பதினைந்து வயதுப் பையன். பகைவர் சூழ்ந்த ராஜ்யத்தில் அவனைத் தனியே விட்டுப் போக அந்தத் தாய்க்கு மனமில்லை. அவள் வாழ்க்கையில் செய்த காரியங்களில் எது மிகவும் பெரியது என்று என்னைக் கேட்டால், போட்ட சாலைகளையோ வென்ற யுத்தங்களையோ நான் சொல்லமாட்டேன். உயிரோடிருக்கத் துணிந்தாளே, அதைத்தான் சொல்வேன். நெருப்பில் இறங்கினால் ஒரு நாழிகையில் எல்லாம் முடிந்துவிடும், புகழும் மிஞ்சும். வெள்ளைச் சேலையோடு ஊராரின் பார்வைக்கு நடுவே இருபத்து நான்கு வருஷம் பாரம் சுமப்பது லேசான காரியமல்ல.

மகன் தாய்க்கு நல்ல பிள்ளையாகவே நடந்தான். இழந்த ஊர்களில் பலவற்றை மீட்டான். அக்காலத்து அரசர்கள் பல மனைவியரை வைத்திருந்தார்கள். இவனோ ஒரே மனைவியோடு வாழ்ந்தான் என்று நம் சேசு சபைக் குருக்களின் கடிதங்கள் வியப்போடு குறிப்பிடுகின்றன. இவனைப் பற்றிப் பழைய ஏடுகளில் ஒரு கதையும் உண்டு. டில்லி பாதுஷாவின் பாதரட்சை ஒன்றை யானைமேல் வைத்து ஊர் ஊராகக் கொண்டுவருவார்களாம். சிற்றரசர்கள் எதிர்கொண்டு வணங்கவேண்டுமாம். திருச்சிக்கு அது வந்தபோது, இளைஞன் அதைத் தன் காலிலேயே மாட்டிக்கொண்டு, மற்றொன்று எங்கே என்று கேட்டானாம். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

1689-ல் வைசூரி கண்டு அந்த மகன் இறந்துபோனான். வயது இருபத்திரண்டைச் சுற்றி. அவனுடைய மனைவி சின்ன முத்தம்மாள் நிறைகர்ப்பிணி. கணவனோடு தானும் போகவேண்டும் என்று அவள் துடித்தாள். மாமியார் மங்கம்மாள் மன்றாடித் தடுத்தாள். குழந்தை பிறந்தது, ஆண் குழந்தை. ஆனால் பிரசவமாகிச் சில நாளைக்குள் அந்தப் பெண் தன் மரணத்தைத் தானே தேடிக்கொண்டாள் என்று பழைய வரலாறுகள் சொல்லுகின்றன.

பெற்றோரே, அந்த அரண்மனையைச் சற்று நினைத்துப் பாருங்கள். கணவன் இல்லை. ஒரே மகன் இல்லை. மருமகளும் இல்லை. தொட்டிலில் ஒரு சிசு. அதன் பெயரில் ஒரு ராஜ்யம். குழந்தைக்கு மூன்று மாதமானபோது விஜயரங்க சொக்கநாதன் என்று பெயர் சூட்டி முடிசூட்டினார்கள். அதிகாரம் பாட்டியின் கையில் வந்தது. ஆகவே மங்கம்மாள் ஒருபோதும் தன் பெயரில் ஆளவில்லை. சாஸனங்கள் பலவும் பேரன் பெயரிலேயே எழுதப்பட்டன. அவளோ வீட்டுச் சாவியைக் காத்து வைத்திருக்கும் பாட்டியைப் போல ராஜ்யத்தைக் காத்து வைத்திருந்தாள்.

ஐரோப்பாவிலும் இப்படி ஒரு தாய் இருந்தாள். பிரான்சு தேசத்து அர்ச். லூயி அரசரின் தாயாகிய பிளான்ஷ் அரசி, 1226-ல் கணவனை இழந்தபோது மகனுக்குப் பன்னிரண்டு வயது. பெண்தானே, அதிலும் ஸ்பெயின் நாட்டிலிருந்து வந்தவள்தானே என்று பிரபுக்கள் கலகம் செய்தார்கள். அவள் அடக்கினாள், ஆண்டாள், மகனை அர்ச்சியசிஷ்டவராக வளர்த்தாள். அவளுக்குக் கிடைத்த ஒரு பாக்கியம் மங்கம்மாளுக்குக் கிடைக்கவில்லை. வளர்த்த பிள்ளை கடைசிவரை அவளைக் கனப்படுத்தினான். அதற்குப் பின்னால் வருவோம்.

ஆட்சிக்கு வந்த மங்கம்மாள் முதலில் எதிர்ப்பட்டது பாதுஷா அவுரங்கசீப்பின் படையை. ஸுல்பிகர் கான் செஞ்சிக் கோட்டையை முற்றுகையிட்டுக் காத்திருந்த காலம் அது. தெற்கே ஒரு விதவையும் குழந்தையும் ஆளும் நாடு அவனுக்கு ஒரு வாய் சோறு. மகன் செய்ததைப் போலப் பாதரட்சையைக் காலில் மாட்டிக்கொள்ள இவளுக்கு ஆசை இருந்திருக்காதா? ஆனால் அவள் கணக்குப் பார்த்தாள். யுத்தம் என்றால் எத்தனை ஊர் எரியும், எத்தனை ஏர் நிற்கும் என்று பார்த்தாள். 1693-ஐ ஒட்டி விலையுயர்ந்த வெகுமதிகளோடு கப்பம் கட்டிச் சமாதானமானாள். அதோடு விடவில்லை. தஞ்சை மராட்டியர் பறித்திருந்த பகுதிகளில் சிலவற்றை அந்த மொகலாயரின் உதவியைக் கொண்டே திரும்பப் பெற்றாள். இதைக் கோழைத்தனம் என்று சொல்வாரும் உண்டு. கடன்காரன் வாசலில் நிற்கும்போது தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றிய தாய்மாரை நம் பங்கிலேயே நாம் கண்டிருக்கிறோம். அவர்களைக் கோழைகள் என்று யாரும் சொல்லக் காணோம்.

யுத்தமே செய்யாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். திருவிதாங்கூர் அரசர் ரவிவர்மர் வழக்கமான திறையைக் கட்டாமல், வசூலிக்க வந்த மதுரைப் படையையும் சூழ்ச்சியால் அழித்தபோது, 1697-ல் தளவாய் நரசப்பையரை அனுப்பினாள். அவர் பாக்கியையும் வசூலித்து, பீரங்கிகளையும் கொண்டுவந்தார். தஞ்சை மராட்டியர் எல்லையில் கொள்ளையடித்து வந்தபோது, 1700-ல் அதே தளவாய் கொள்ளிடத்தில் தண்ணீர் குறைந்த இடம் பார்த்து இறங்கித் தஞ்சை நாட்டுக்குள்ளேயே புகுந்துவிட்டார். தஞ்சை மந்திரி பணத்தை வாரி இறைத்துச் சமாதானம் பெறவேண்டியதாயிற்று.

இதற்கெல்லாம் மேலாக ஒரு சம்பவம் உண்டு. ஆற்றுப் பாசனத்தை நம்பி வாழும் குடும்பங்கள் கவனித்துப் படிக்கவேண்டும். மைசூர் அரசர் சிக்கதேவராயர் காவேரியின் குறுக்கே அணை போட்டார். கீழே திருச்சி, தஞ்சைச் சீமைகளில் வாய்க்கால் காய்ந்தது, பயிர் கருகியது. நேற்றுவரை ஒருவர் கழுத்தை ஒருவர் பிடித்த மதுரையும் தஞ்சையும் என்ன செய்தன தெரியுமா? மங்கம்மாள் பழைய பகையை மூட்டை கட்டி வைத்துவிட்டுத் தஞ்சையோடு கை கோத்தாள். இரு படைகளும் சேர்ந்து மைசூர்மேல் போவதென்று ஏற்பாடாயிற்று. புறப்படுமுன்னே மேற்கே பெருமழை பெய்து, வெள்ளத்தில் அணை உடைந்து, காவேரி தானாகவே வந்து சேர்ந்தது. ஒரு துளி இரத்தம் சிந்தவில்லை. காவேரித் தண்ணீருக்காக மேல்நாடும் கீழ்நாடும் வாதாடுவதைப் பத்திரிகையில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மழைதான் ஞாபகம் வருகிறது.

நம் வேதத்தைச் சேர்ந்தவர்கள் மங்கம்மாளை நன்றியோடு நினைப்பதற்கும் காரணம் உண்டு. அவள் தன் மதத்தில் பக்தியுள்ளவள். கோயில்களுக்கு வாரி வழங்கியவள். ஆயினும் பிறர் தம் மனச்சாட்சிப்படி தொழுவதைத் தடுக்கவில்லை. திருச்சிக்கருகே முகம்மதியரின் தர்காவுக்கு நிலம் விட்டாள். 1691-ல் ராமநாதபுரத்தில் சிறைப்பட்டு மரணத்தை எதிர்பார்த்திருந்த மெல்லோ சுவாமியார் அவளுடைய முயற்சியால் விடுதலையானார். மறவர் சீமையில் மதுரை ராணியின் சொல் எப்போதும் செல்லுபடியானதில்லை. கிழவன் சேதுபதி தம் போக்கில் ஆண்ட பலசாலி. இரண்டே வருஷத்தில், 1693 பெப்ரவரி 4-ம் தேதி, அதே சீமையின் ஓரியூரில் அர்ச். அருளானந்தர் தலை வெட்டுண்டு வேதசாட்சி முடி பெற்றார்.

புஷே சுவாமியார் திருச்சிக்கு வந்து தளவாய் நரசப்பையரைக் கண்ட விவரம் நம் மிஷன் கடிதங்களில் சுவையாக எழுதப்பட்டிருக்கிறது. அவர் கொண்டுவந்த காணிக்கைகளில் ஏறக்குறைய இரண்டடிக் குறுக்களவுள்ள உலக உருண்டை ஒன்று இருந்தது. தேசங்கள், கடல்கள், கரைகள் எல்லாவற்றின் பெயர்களும் அதில் தமிழில் எழுதப்பட்டிருந்தன! இன்று பள்ளிக்கூடத்து மேஜைமேல் சுழலும் உருண்டையைப் பார்க்கும் பிள்ளைகளே, முன்னூறு வருஷத்துக்கு முன் நம் தமிழ் எழுத்தில் உலகம் முழுவதையும் எழுதி ஒரு சுவாமியார் கொண்டுவந்தார் என்பதை மறக்காதீர்கள். தளவாய் மகிழ்ந்து, சுவாமியாரைப் பல்லக்கில் ஏற்றி நகர வீதிகளில் மரியாதையோடு அனுப்பினார். தலைவி எப்படியோ அப்படியே அவள் அதிகாரிகளும் இருந்தார்கள்.

மதுரையிலும் ஒரு வழக்கு அவள் முன் வந்தது. பட்டு நெய்யும் சௌராஷ்டிர மக்கள் பூணூல் மாற்றும் சடங்கைச் செய்தார்கள் என்று அவளுடைய அதிகாரியே பதினெட்டுப் பேரைப் பிடித்து அடைத்துவிட்டார். ராணி தன் அதிகாரியின் பேச்சை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லவில்லை. சாஸ்திரம் படித்தவர்களைக் கூட்டி இரு பக்கமும் வாதாடச் செய்தாள். நெசவாளருக்கு அந்த உரிமை உண்டு என்று தீர்ந்தது. அதை ஓலையில் எழுதிக் கொடுத்தாள். அது 1704-05-ம் வருஷம். தன் ஆளே தவறு செய்தான் என்று ஏற்றுக்கொள்ள எத்தனை அதிகாரிகளுக்கு மனம் வரும்?

இனிச் சாலைகள். கன்னியாகுமரி வரைக்கும் போகும் பெருவழியை அவள் சீர்படுத்தி, இருபுறமும் மரம் வைத்து, கிணறு வெட்டி, சத்திரம் கட்டினாள். திருநெல்வேலிச் சீமையில் பழைய பாட்டைகளை இன்றும் மங்கம்மாள் சாலை என்பார்கள். இதற்கும் ஒரு கதை சொல்லுவார்கள். ஒருநாள் ராணி ஞாபகமறதியாக இடது கையால் வெற்றிலை போட்டுக்கொண்டாளாம். அந்தத் தோஷம் தீரத்தான் இத்தனை சாலையும் சத்திரமுமாம். எனக்கு இந்தக் கதையில் நம்பிக்கை இல்லை. ஒரு ஆண் அரசன் சாலை போட்டால் குடிகளின் நன்மைக்காக என்று எழுதுகிறோம். ஒரு பெண் போட்டால் வெற்றிலைக்காகவா? தலையில் உப்பு மூட்டையோடு வெயிலில் நடந்தவனுக்கு நிழல் வேண்டும், தாகத்துக்குத் தண்ணீர் வேண்டும், இரவில் கள்ளர் பயமில்லாத ஒரு கூரை வேண்டும். பிள்ளைகளுக்குச் சோறு போட்டவளுக்கு இது தெரியாதா?

அவளிடம் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. 1702-ல் சேதுபதியின்மேல் படை அனுப்பியது பெருந்தவறாக முடிந்தது. தஞ்சை சேதுபதியோடு சேர்ந்துகொண்டது; மதுரைப் படை தோற்றது; தூணாக இருந்த நரசப்பையரும் அந்தப் போரில் மாண்டார். காவேரிக்காக ஒன்றுசேர்ந்த உறவு அதற்குள் முறிந்துபோயிற்று. அதன்பின் அரண்மனையில் ராணியின் கை தாழ்ந்தது.

பேரன் வளர்ந்துவிட்டான். அரசுரிமை அவனுடையது, அதைக் கேட்பதில் தவறில்லை. ஆனால் தூபம் போடுகிறவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டல்லவா? பாட்டி அதிகாரத்தை விடமாட்டாள் என்று அவன் காதில் ஓதினார்கள். ராணிக்கும் அச்சையா என்ற மந்திரிக்கும் தகாத நட்பு என்றும் கதை கட்டினார்கள். 1706-ஐ ஒட்டி மங்கம்மாளின் ஆட்சி முடிந்தது; வாழ்வும் முடிந்தது. அவளை அவள் அரண்மனையிலேயே அடைத்து, கைக்கெட்டாத தூரத்தில், கண்ணுக்குத் தெரியும்படி சோற்றை வைத்துப் பட்டினி போட்டுக் கொன்றார்கள் என்று மதுரையில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். வரலாற்று ஆசிரியர்கள் இதை உறுதியான செய்தியாக ஏற்பதில்லை. நாமும் ஏற்கவேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், தாய்மாரே. அவளைச் சிறைவைத்த கதைக்குச் சாட்சி இல்லாததுபோலவே, அவள் ஒழுக்கத்தைப் பற்றிய வதந்திக்கும் சாட்சி இல்லை. சாட்சியில்லாத அந்தப் பேச்சை முன்னூறு வருஷமாகத் திண்ணைகளில் பேசிக்கொண்டிருக்கிறோம். துணையில்லாத ஒரு பெண் நாலு காரியத்தைத் திறமையாக நடத்தினால், இன்றும் நம் தெருவில் என்ன பேசுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அப்படிப்பட்ட பேச்சு வீட்டில் எழும்பும்போது, மூலையில் உட்கார்ந்து பாடம் படிக்கிற மகளும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

பேரன் விஜயரங்கன் 1732 வரை ஆண்டான். கோயில் கோயிலாக யாத்திரை போனான், ராஜ்யத்தைக் கவனிக்கவில்லை, பிள்ளையின்றி இறந்தான். அவன் மனைவி மீனாட்சி சில வருஷம் தவித்து ஆண்டாள். சந்தா சாகிப்பின் வாக்கை நம்பி அவள் ஏமாந்ததோடு நாயக்கர் வம்சம் முடிந்தது.

நா. பார்த்தசாரதி ராணி மங்கம்மாள் என்று ஒரு நாவலே எழுதியிருக்கிறார். படிக்கும் பழக்கமுள்ள பெண்பிள்ளைகள் தேடிப் படிக்கலாம். மீனாட்சி கோயில் பொற்றாமரைக் குளத்தின் மேல்கரையில் ஊஞ்சல் மண்டபம் இருக்கிறது. அதன் கூரையில் அக்காலத்திலேயே தீட்டிய சித்திரத்தில் ராணியையும் அவள் பேரனையும் காணலாம். சித்திரத்தில் அவன் இன்னும் சிறு பையன். பாட்டி கூடவே நிற்கிறாள்.

ரயில் மதுரைக்கு வந்தது அவள் இறந்து ஏறத்தாழ 170 வருஷம் கழித்து. நடந்து வந்த களைத்த மனிதருக்காகக் கோட்டைக்கு மேற்கே அவள் கட்டிவைத்த சத்திரத்துக்கு எதிரேதான் அதுவும் வந்து நின்றது.